டிமென்ஷியா நடுக்கட்டம்: குளியல், சாயங்கால அமளி, திருட்டுப் பழி, பென்ஷன் – செய்முறை உதவி தேவை

பொன்னிக்கரை – கேள்வி

வணக்கம். என் மாமியாருக்கு வயது 74. ஓய்வுபெற்ற ஆசிரியை. மாமா இல்லை. அல்சைமர் என்று நரம்பியல் மருத்துவர் உறுதி செய்திருக்கிறார், இப்போது நடுக்கட்டம் என்கிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இரவில் டோனெபெசில் 5 மில்லிகிராம் கொடுக்கிறோம்.

இப்போதைய பிரச்சினைகள்: குளிக்கக் கூப்பிட்டால் "இப்பத்தான் குளிச்சேன்" என்கிறார். வற்புறுத்தினால் கையைத் தட்டிவிடுகிறார், தலையில் தண்ணீர் பட்டால் அலறுகிறார். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் பையை எடுத்துக்கொண்டு "எங்க வீட்டுக்குப் போறேன்" என்று வாசலுக்குக் கிளம்புகிறார். இருப்பதே அவருடைய சொந்த வீட்டில்தான். வேலைக்கு வரும் அக்கா வளையலை எடுத்துவிட்டதாகத் தினமும் சண்டை. தட்டில் பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுகிறார். பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

வீட்டில் சிலர் "வேணும்னே பண்றாங்க" என்கிறார்கள். ஆறுதல் வார்த்தை வேண்டாம், என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொன்னால் போதும்.

வைகை_செவிலி – பதில்

வேண்டுமென்றே செய்வதில்லை. அதை முதலில் வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியவையுங்கள், இல்லையென்றால் கீழே சொல்வது எதுவும் நடக்காது.

அல்சைமரில் ஆரம்பத்திலேயே அடிபடுவது ஹிப்போகாம்பஸ். புதிதாக நடப்பதைப் பதிய வைக்கிற இடம் அது. காலையில் குளித்தோமா என்பது அவருக்குப் பதிவே ஆகவில்லை. பல வருடமாகத் தினமும் குளித்த பழக்கம் மட்டும் பழைய நினைவில் இருக்கிறது. அதனால் "இப்பத்தான் குளிச்சேன்" என்பது அவரைப் பொறுத்தவரை உண்மை. இது போக, நடுக்கட்டத்தில் ஒரு வேலையை வரிசையாகச் செய்யும் திறனும் உடைகிறது. தாழ்ப்பாள், நாடா, சொம்பு, சோப்பு, துண்டு என்று குளியலுக்குள் இருபது படியாவது இருக்கும். எங்கேயோ ஒரு படியில் மாட்டிக்கொள்கிறார், எந்தப் படி என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. மாட்டிக்கொண்ட நேரத்தில் நாம் அவசரப்படுத்தினால் பயம் வருகிறது, பயம் கையைத் தட்டிவிடுகிறது. நடந்த விஷயம் மறந்துபோகும், அந்தப் பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால்தான் மறுநாள் குளியலறைக் கதவைப் பார்த்ததுமே முரண்டு பிடிப்பார்.

குளியலை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு மூன்று முழுக் குளியல் போதும். மற்ற நாளில் முகம், அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு, கால் விரல் இடுக்கு ஆகியவற்றை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டால் தோல் கெடாது. சர்க்கரை உள்ளவர், கால் விரல் இடுக்கை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள். "தினம் குளிக்கணும்" என்பது நம்முடைய பிடிவாதம், அவருடைய தேவை அல்ல.

எந்த நேரத்தில் குளித்துப் பழகினாரோ அந்த நேரத்திலேயே வையுங்கள். பள்ளிக்கூடம் போனவர் என்றால் விடியற்காலையாகத்தான் இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கம் இருந்திருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் கூடத்தில் உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் வையுங்கள். எண்ணெய் வைத்தால் அடுத்தது குளியல் என்று உடம்புக்கே தெரியும், நாம் சொல்ல வேண்டியதில்லை.

அவர் வருவதற்கு முன்பே வாளி நிரம்பியிருக்கட்டும். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் மூடிய அறைக்குள் எதிரொலித்து மிரட்டும். தண்ணீர் உடம்புச் சூட்டுக்குச் சற்றே மேல், அதாவது 37, 38 டிகிரி, இருக்கலாம். உள்ளங்கை மரத்துப் பழகியிருக்கும், முழங்கையை விட்டுப் பாருங்கள். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதன்மேல் ஒரு துண்டு விரியுங்கள். வெறும் பிளாஸ்டிக் சில்லென்று பட்டாலே எழுந்துவிடுவார். முழுக்க அவிழ்க்காதீர்கள். தோளில் ஒரு பெரிய துண்டைப் போர்த்தி, அதற்கு அடியில் கையை விட்டுத் தேய்க்கலாம். கூச்சம் கடைசிவரை போகாது, அவருக்கு நீங்கள் யாரென்று தெரியாத நாளிலும் கூச்சம் இருக்கும்.

தண்ணீரைப் பாதத்தில் தொடங்குங்கள், பிறகு கால், கை, முதுகு. சொம்பை அவர் கையில் கொடுத்து, உங்கள் கையை அவர் கைமேல் வைத்து முதல் சொம்பை நீங்கள் நடத்துங்கள். இரண்டாவது சொம்பை அவரே மொண்டுகொள்வார், பழைய கைப்பழக்கம் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. தலைக்குத் தனி நாள். மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, அலறுவது அதனால்தான். நெற்றியில் மடித்த துணியை அவரே பிடித்துக்கொள்ளட்டும், பின்பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

"குளிக்கலாமா?" என்று கேட்காதீர்கள், கேட்டால் "வேண்டாம்" என்றுதான் வரும். "தண்ணி காஞ்சிருச்சு, வாங்க அத்தை" என்று கையை நீட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சொல்தான்: "கையை நீட்டுங்க." நிறுத்துங்கள். மனதில் ஏறப் பத்து நொடி ஆகும். அதற்குள் அதையே வேறு வார்த்தையில் சொன்னால் அவருக்கு அது இன்னொரு கட்டளை. மறுத்தால் விட்டுவிட்டு இருபது நிமிடம் கழித்துப் புதிதாகத் தொடங்குங்கள்.

குளியலறையில் மூன்று வேலை இன்றைக்கே முடியுங்கள். உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடு வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். கீசர் சூட்டை 50 டிகிரிக்குக் கீழே வையுங்கள், 60 டிகிரித் தண்ணீர் சில நொடியிலேயே வயதானவர் தோலைப் பொசுக்கிவிடும்.

சேலை கட்ட முடிகிறவரை கட்டட்டும். கட்டுகிற வரிசையில் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தால் கொசுவம் வைப்பது பல பேருக்குத் தானாக வரும். பாவாடை நாடாதான் தகராறு, அதை எலாஸ்டிக்காக மாற்றிவிடுங்கள். கழிவறைக்குப் போவதில் பாதி விபத்து நாடாவை அவிழ்க்க முடியாமல் நடப்பதுதான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறும் தயிரும் போட்டால் சோறு எங்கே முடிகிறது, தட்டு எங்கே தொடங்குகிறது என்று அவர் கண்ணுக்குப் பிரியாது. கண்ணில் கோளாறு இருக்காது, மூளை பிரித்துக் காட்டுவதில்லை. கருநீலம், சிவப்பு போன்ற அடர் நிறத் தட்டு வையுங்கள். வாழை இலை கிடைத்தால் இன்னும் நல்லது, பச்சையில் வெள்ளை தெளிவாகத் தெரியும். நாலு கறி, அப்பளம், ஊறுகாய் என்று ஒரே நேரத்தில் பரப்பாதீர்கள். சோறும் ஒரு குழம்பும், தீர்ந்ததும் அடுத்தது. ஸ்பூன் வேண்டாம், கையால் சாப்பிடட்டும். நிறுத்திவிட்டால் ஒரு வாய் பிசைந்து விரலில் வைத்துக் கொடுங்கள், மறுபடி தொடங்கிவிடுவார். தட்டில் பாதியை மட்டும் விடுகிறார், அதுவும் எப்போதும் ஒரே பக்கம் என்றால் தட்டைத் திருப்பி வைத்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தை மூளை கவனிக்கவில்லை என்று அர்த்தம், மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். சாப்பாடு உள்ளே போவது குறைந்திருக்கும்போது சர்க்கரை மாத்திரை பழைய அளவிலேயே இருந்தால் தாழ்சர்க்கரை வரும். அதையும் அடுத்த முறை சொல்லுங்கள்.

சாயங்காலம்: நாள் முழுக்கச் சமாளித்த மூளை அந்த நேரத்தில் களைத்துவிடுகிறது, உடம்புக் கடிகாரமும் கெட்டிருக்கிறது, வெளிச்சம் மங்கி நிழல் நீளுகிறது. ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போடுங்கள், ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். இருட்டிய பிறகு கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே யாரோ வந்திருப்பதாக நினைப்பார். காலையில் அரை மணி நேரமாவது வெயில் படும்படி திண்ணையில் உட்காரட்டும். மத்தியானத் தூக்கம் முக்கால் மணிக்கு மேல் வேண்டாம். மூன்று மணிக்குப் பிறகு காபி நிறுத்தம். நாலரைக்கு ஏதாவது தின்னக் கொடுங்கள், பசியும் தாகமும் அமளியாகத்தான் வெளிப்படும். டிவி சீரியலை அணைத்துவிடுங்கள். அதில் அழுகிறவர்களும் அடித்துக்கொள்கிறவர்களும் அவருக்குக் கூடத்திலேயே நிற்கிறார்கள். வீட்டில் மற்றவர்களுக்குக் கஷ்டம்தான், வேறு வழியில்லை.

ஐந்தரைக்கு முன்பே கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். கீரை ஆய்வது, சின்ன வெங்காயம் உரிப்பது, பூ தொடுப்பது, துண்டு மடிப்பது, எது கைக்குப் பழகியதோ அது. ஆசிரியை என்பதால் பழைய நோட்டும் சிவப்புப் பேனாவும் கொடுத்துப் பாருங்கள். வேலை சரியாக வரவேண்டும் என்பதில்லை.

"வீட்டுக்குப் போறேன்" என்றால் "இதுதான் உங்க வீடு" என்று நிரூபிக்கப் பார்க்காதீர்கள். முதலில் பாத்ரூம் வருகிறதா, எங்கேயாவது வலிக்கிறதா என்று பாருங்கள், பல நேரம் அதுதான் காரணம். பிறகு "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க அத்தை?" என்று கேட்டுப் பேசவிடுங்கள். அப்படியும் அடங்கவில்லையா, செருப்பைப் போடச் சொல்லி நீங்களும் கூடவே தெருக்கோடிவரை போய்த் திரும்புங்கள். வாசலுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் ஒன்றைக் கண் மட்டத்துக்கு மேலே அல்லது தரையை ஒட்டிப் பொருத்துங்கள், அந்த உயரத்தில் அவர் தேடமாட்டார். உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே போவது மட்டும் கூடாது. ஜாக்கெட், நைட்டியின் உள்பக்கத்தில் ஒரு போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்துவையுங்கள், சட்டைப் பையில் சீட்டு வைத்தால் எறிந்துவிடுவார். அண்மையில் எடுத்த முழு உருவப் படம் ஒன்று உங்கள் போனில் எப்போதும் இருக்கட்டும். காணவில்லை என்றால் கால் மணி நேரம் பக்கத்தில் தேடுங்கள், பழைய வீடு, வேலை பார்த்த பள்ளிக்கூடம், வழக்கமான கோயில் இருக்கும் திசையில் ஆள் அனுப்புங்கள். கிடைக்கவில்லையா, உடனே 112. இருட்டும்வரை காத்திருக்காதீர்கள்.

வளையல் விஷயம். வைத்தது அவர்தான், ஆனால் வைத்த நினைவு இல்லை. பொருள் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. நடுவே உள்ள ஓட்டையை மூளை ஒரு திருடனை வைத்து அடைக்கிறது, வீட்டுக்கு வரும் வெளியாள்தான் அதற்கு வசதி. "யாரும் எடுக்கல" என்று சொன்னால் நீங்களும் கூட்டு. "அடடா, வாங்க தேடலாம்" என்று கூடப் போங்கள். ஒளிக்கிற இடங்கள் பெரும்பாலும் மாறாது: தலையணை உறை, அரிசி டப்பா, சாமி அலமாரிக்குப் பின்னால், சேலை மடிப்பு. எடுப்பது அவர் கையாகவே இருக்கட்டும். நிஜ நகையை லாக்கருக்கு அனுப்பிவிட்டுக் கவரிங் வளையலும், பத்து ரூபாய்த் தாள்கள் கொஞ்சம் வைத்த பர்ஸும் கொடுங்கள். பர்ஸை எண்ணிப் பார்ப்பதே பாதி நிம்மதி தரும். வேலைக்கு வரும் அக்காவிடம் நோயைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டால் நல்ல ஆள் கைவிட்டுப் போகும்.

கேட்காத ஒன்று: கேஸ். அவர் தனியாக இருக்கும் நேரத்தில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, முடிந்தால் கழற்றியே வைத்துவிடுங்கள். அடுப்பின் குமிழை மட்டும் கழற்றினால் போதாது.

மருந்துப்பெட்டி – பதில்

செவிலி சொன்னதற்கு மேல் மருந்துப் பக்கம் சில.

டோனெபெசில் நோயைத் திருப்பாது. மூளையில் அசிடைல்கோலின் என்ற ரசாயனம் சிதையாமல் பிடித்து வைத்து, சில காலம் நிலையைத் தாங்கிப் பிடிக்கும். 5 மில்லிகிராமில் நாலு முதல் ஆறு வாரம் தாங்கினால் மருத்துவர் 10க்கு உயர்த்துவது வழக்கம். உயர்த்தும் வாரங்களில் குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை வரலாம். சோறு பாதியில் நிற்பது மாத்திரை தொடங்கிய பிறகு வந்ததா என்று தேதி பார்த்துச் சொல்லுங்கள். ராத்திரியில் பயங்கரக் கனவு கண்டு எழுந்தால் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேட்கலாம். நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்து இது. தலைசுற்றி விழுந்தாலோ, நாடி 50க்குக் கீழே போனாலோ இசிஜி எடுக்காமல் அடுத்த மாத்திரை வேண்டாம். பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் மாதிரி ஏதாவது சேர்ந்து ஓடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள், அதுவும் நாடியைக் குறைக்கும்.

மாத்திரை ஒத்துவராமல் ரிவாஸ்டிக்மின் பேட்ச் (தோலில் ஒட்டும் மருந்து) எழுதினால் ஒரே ஒரு எச்சரிக்கை: பழையதை உரித்த பிறகுதான் புதியது. முதுகில் பழையதை மறந்து இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருந்தால் மருந்து அளவு மீறி வாந்தி, மயக்கம் என்று ஆஸ்பத்திரியில் போய் நிற்கும். ஒட்டிய அதே இடத்தில் 14 நாள் கழித்துத்தான் மறுபடி.

இதைவிட முக்கியம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது. அசிடைல்கோலினை ஏற்றத்தான் டோனெபெசில் கொடுக்கிறோம். சளி, அரிப்புக்கு நாமே வாங்கும் குளோர்பெனிரமின், அவில், இருமல் சிரப்பில் வரும் டைபென்ஹைட்ரமின், வயிற்று வலிக்கான டைசைக்ளோமின், தூக்கத்துக்கு எழுதும் அமிட்ரிப்டிலின், கை நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிபெனிடில் எல்லாம் அதே அசிடைல்கோலினைத் தடுக்கிறவை. ஒரு கையால் தண்ணீர் ஊற்றி மறு கையால் இறைக்கிற கதை. நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இரண்டே மாத்திரையில் ஆள் தெரியாமல் போவதுண்டு. மருந்துக்கடையில் "சளி மாத்திரை" என்று கேட்காதீர்கள், சீட்டைக் காட்டி இந்த நோய் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அமளிக்கு அமைதி மாத்திரை கேட்கத் தோன்றும். ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், ஹாலோபெரிடால் போன்றவை டிமென்ஷியா உள்ள முதியவர்களில் இறப்பு ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2005இல் முதல் எச்சரிக்கையை விட்டது, ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளை 2008இல் அதில் சேர்த்தது. கொடுக்கவே கூடாது என்பதல்ல. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில், குறைந்த அளவில், எப்போது நிறுத்துவது என்று தேதி குறித்துக் கொடுப்பது. அல்சைமர் அல்லாமல் லூயி பாடி என்ற இன்னொரு வகை டிமென்ஷியாவாக இருந்தால் ஹாலோபெரிடால் ஊசி ஒன்றே உடம்பை விறைக்கவைத்துப் படுக்கையில் தள்ளிவிடும்.

பி12, தைராய்டு பார்த்தாயிற்றா? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறையும். அல்சைமர் உறுதியானவருக்கும் இந்தக் குறை மேலே ஏறி உட்கார்ந்து நிலையைக் கெடுக்கும், சரிசெய்யக்கூடிய பகுதி அது.

பொன்னிக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. அவசரமாக ஒன்று. நேற்று முதல் அத்தை பகலெல்லாம் தூங்கி வழிகிறார், எழுப்பினால் பாதி வார்த்தையில் மறுபடி கண்ணை மூடுகிறார். ராத்திரி சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டிக்கொண்டே இருந்தார். மூன்று நாளாகச் சளிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை கொடுத்தோம் (இதைப் படிக்கும் முன்பு). நாலு நாளாக மலம் போகவில்லை. ஜுரம் இல்லை. நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டதா?

மருந்துப்பெட்டி

இல்லை. அல்சைமர் மாதக் கணக்கில் இறங்கும், இரண்டு நாளில் இப்படி இறங்காது. இது டெலிரியம் போலத் தெரிகிறது, அதாவது உடம்பில் வேறு ஏதோ கெட்டு மூளை தடுமாறுவது. அரை மணிக்கு ஒரு நிலை, கவனம் நிற்காமை, தூங்கி வழியும் மயக்கம், இல்லாததைப் பார்ப்பது எல்லாம் அதன் அடையாளம். இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முதலில் குளுக்கோமீட்டர் இருந்தால் சர்க்கரை பாருங்கள். 70க்குக் கீழே என்றால், விழுங்கும் அளவுக்கு விழிப்பாக இருந்தால் மட்டும் சர்க்கரைத் தண்ணீர். மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108.

சளி மாத்திரையை நிறுத்துங்கள். அது மலத்தையும் கட்டும், சிறுநீரையும் கட்டும். கடைசியாக எப்போது சிறுநீர் போனார், அடிவயிறு புடைத்திருக்கிறதா என்று பாருங்கள், நிரம்பிய மூத்திரப்பை ஒன்றே இவ்வளவு கலவரம் பண்ணும். ஜுரம் இல்லை என்பதால் தொற்று இல்லை என்று நினைக்க வேண்டாம், வயதானவர்களுக்கு நிமோனியாவிலும் ஜுரம் வராமல் இருக்கலாம்.

அங்கே கேட்க வேண்டியவை: சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், சர்க்கரை, ரத்த அணுக்கள், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, இசிஜி. பிரஷர் மாத்திரையின் பெயர் 'ஹெச்' என்று முடிந்தால் அதில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கும், சோடியத்தை இறக்குவதில் கெட்ட பெயர் வாங்கியது. கடந்த சில வாரத்தில் விழுந்திருந்தால் சொல்லுங்கள், மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் நாள் கழித்துத்தான் காட்டும், தலைக்கு சிடி எடுப்பார்கள். சிறுநீரில் கிருமி என்று ரிப்போர்ட் வந்ததும் "இதுதான் காரணம்" என்று மற்றதைத் தேடாமல் விட்டுவிடும் வழக்கம் உண்டு. இந்த வயதுப் பெண்களுக்குத் தொல்லையே இல்லாமலும் சிறுநீரில் கிருமி இருக்கும், அதனால் மற்றவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள், சளி மாத்திரை உட்பட. மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி மறக்க வேண்டாம். வார்டில் ஒரு ஆள் பகல் இரவு கூடவே இருக்கட்டும். கையைக் கட்டிப்போடுவதும் தேவையில்லாத கதீட்டரும் (சிறுநீர்க் குழாய்) டெலிரியத்தை நீட்டும். "இவங்க நார்மலா இப்படித்தானே இருப்பாங்க?" என்று டியூட்டி மருத்துவர் கேட்டால், போன வாரம் என்னென்ன செய்துகொண்டிருந்தார் என்று சொல்லுங்கள்: தானே சாப்பிட்டார், நடந்தார், பேர் சொன்னார் என்று. அதைச் சொல்லாவிட்டால் டிமென்ஷியா கணக்கில் எழுதி அனுப்பிவிடுவார்கள்.

பாஸ்புக்_பெரியவர்

பேங்க் விஷயம் இன்னும் யாரும் தொடவில்லை. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, இந்தக் குழப்பம் முழுக்கத் தெளிந்த பிறகு படியுங்கள். டெலிரியத்தில் இருக்கும்போது எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்காதீர்கள், பின்னால் அந்தத் தாளே உங்களுக்கு எதிராக நிற்கும்.

எல்லோரும் "பவர் எழுதி வாங்கிடுங்க" என்பார்கள். நம் நாட்டில் அது இந்த நோய்க்கு உதவாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் முகவர் அதிகாரம் அதோடு முடிந்துவிடும். எப்போது தேவையோ அப்போது செல்லாது.

கையெழுத்து மாறியதற்குத் தீர்வு இருக்கிறது. முதுமையால், நோயால் கையெழுத்துப் போட முடியாதவர்களிடம் வங்கி கைரேகை வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதி உண்டு. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரி. ஆனால் இது கைக்கு முடியாதவர்களுக்கான வழி. "இது என் பணம், இவ்வளவு எடுக்கிறேன்" என்று அம்மா சொல்லக்கூடிய நிலையில் இருந்தால்தான் செல்லும்.

நடுக்கட்டம் என்பதாலேயே எல்லாத் திறனும் போய்விட்டது என்று சட்டம் சொல்வதில்லை. ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்ப்பது. சின்னக் கணக்கில் மகனைச் சேர்ப்பது அவருக்குப் புரியலாம், வீட்டை எழுதிவைப்பது புரியாமல் போகலாம். தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் மேலாளரை வீட்டுக்கு அழைத்து, சேமிப்புக் கணக்கையும் வைப்புநிதியையும் "இருவரில் ஒருவர் அல்லது பிழைத்திருப்பவர்" என்ற முறையில் மாற்றுங்கள், நாமினியையும் சரிபாருங்கள். உயில் எழுதுவதாக இருந்தால் அன்றைய தேதியிட்ட மருத்துவர் சான்றை மறக்காமல் வாங்குங்கள், அவரையே சாட்சியாகவும் போட்டுப் பதிவு செய்வது உத்தமம்.

அந்தக் கட்டமும் தாண்டிவிட்டால் உயர் நீதிமன்றத்தில் பாதுகாவலர் நியமனம் கேட்டு மனுப் போடுவதுதான் வழி. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றமே சொத்துக்கு மேலாளரை நியமிக்க இடம் இருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த ஏற்பாடு இல்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வாங்கலாம் என்று சிலர் அலையவிடுவார்கள், அந்தச் சட்டம் டிமென்ஷியாவுக்கானது அல்ல.

பென்ஷனுக்கு வருடாந்திர உயிர்வாழ் சான்றுதான் கண்டம். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்று முறையில் தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்து தருவார். விரல் ரேகை தேய்ந்திருந்தால் முக அடையாள வழி இருக்கிறது. எந்த மாதம் என்பதைக் கருவூலத்தில் கேட்டு எழுதிவையுங்கள். ஏடிஎம் கார்டை அவரிடமிருந்து பிடுங்க வேண்டாம், வரம்பைக் குறைத்துவிடுங்கள். ஓடிபி வரும் போன் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாத எண். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தில் டிமென்ஷியாவுக்கெனத் தனிப்பிரிவு உண்டு. நாடு முழுக்க 1992இல் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ என்ற அல்சைமர் அமைப்பு பராமரிப்பவர்களுக்குப் பயிற்சி தருகிறது.

பொன்னிக்கரை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டோம். சோடியம் 122 இருந்தது, பிரஷர் மாத்திரையை மாற்றிவிட்டார்கள். சிறுநீரும் தேங்கியிருந்தது. இப்போது ஆள் தெரிகிறது, பழைய நிலைக்கு இன்னும் முழுதாக வரவில்லை. புதிதாக ஒன்று: ரசம் சாதம் கொடுத்தால் இருமுகிறார், இட்லிக்கு இருமல் இல்லை. தொண்டையில் ஏதாவதா?

வைகை_செவிலி

முழுதாகத் தெளிய வாரங்கள் ஆகலாம், அதுவரை புதிதாக எதையும் மாற்ற வேண்டாம்.

ரசம் சாதம்தான் விழுங்குவதற்கே கடினமானது. தண்ணீர் மாதிரி ஓடுவதும் மெல்ல வேண்டியதும் ஒரே வாயில் இருக்கிறது. சோற்றை மெல்லும்போதே ரசம் தொண்டையில் இறங்கி மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது. இப்போதைக்கு ரசம் சாதம், மோர் சாதம், பாலில் ஊறின அவல், பொரி, முறுக்கு, உதிரும் புட்டு நிறுத்துங்கள். குழைந்த பருப்புச் சாதம், கெட்டித் தயிரில் மசித்த சாதம், சாம்பாரில் ஊறி உடைந்த இட்லி, கெட்டிக் கூழ் கொடுக்கலாம்.

கட்டிலில் சாய்ந்து சாப்பிடக் கூடாது. நாற்காலியில் நேராக, பாதம் தரையில் பட உட்காரட்டும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் முகத்தைத் தூக்குவார், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். எதிரே அவர் கண் மட்டத்துக்குக் கீழே உட்காருங்கள், தாடை தானாகத் தாழும். அரை ஸ்பூன் அளவு வாய், தொண்டை மணி ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. முடிந்ததும் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள், அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஜுரம் வந்தாலோ நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

தண்ணீருக்கும் இருமுகிறாரா என்று கவனியுங்கள். இருமினால் எந்த அளவுக்குக் கெட்டியாக்கிக் கொடுப்பது என்பதை விழுங்கல் பரிசோதனை செய்யும் பேச்சுப் பயிற்சியாளர்தான் சொல்ல வேண்டும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். நாமே எல்லாவற்றையும் கெட்டியாக்கினால் தண்ணீர் குடிப்பது குறைந்து மறுபடி மலச்சிக்கல், மறுபடி குழப்பம். சோடியம் குறைந்து வந்தவர் என்பதால் நாளுக்கு எவ்வளவு தண்ணீர் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இல்லையென்றால் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

பல்செட் இருந்தால் ராத்திரி கழற்றிக் கழுவிவையுங்கள். இரண்டு வேளை பல், ஈறு, நாக்கு துடைப்பது விடுபடக் கூடாது. சோறு போவதைவிட அழுக்கு வாயின் எச்சில் நுரையீரலுக்குள் போவதால்தான் நிமோனியா அதிகம் வருகிறது.